புரோமாயில் தூரிகை

புரோமாயில் தூரிகை என்பது, புரோமாயில் எனப்படும் பழைய ஒளிப்பட அச்சு முறையில் தாளின் மேல் எண்ணெய் மையை ஏற்றப் பயன்படும், விலங்கு முடியால் ஆன தடித்த தூரிகை ஆகும். ஒளிப்படத்துக்குத் தூரிகை எதற்கு என்று கேட்கத் தோன்றும். இம்முறையில் படத்தின் கருமை முழுவதும் தூரிகையால்தான் வருகிறது.

1907-ஆம் ஆண்டு ஆங்கிலேயரான ஈ. ஜே. வால் இம்முறைக்கான கருத்தை முன்வைத்தார். அதே ஆண்டில் சி. வெல்போர்ன் பைப்பர் அதைச் செயல்முறைக்குக் கொண்டுவந்தார். முதலில் புரோமைடு தாளில் வழக்கம்போல் படம் அச்சிடப்படும். பிறகு காப்பர் சல்பேட்டு, பொட்டாசியம் புரோமைடு, பொட்டாசியம் டைகுரோமேட்டு ஆகியவை கலந்த கரைசலில் அது வெளுக்கப்படும். வெள்ளியால் ஆன உருவம் மங்கிவிடும். ஆனால் அது இருந்த இடங்களில் ஜெலட்டின் இறுகிவிடும். கருமை மிகுந்திருந்த இடத்தில் இறுக்கமும் மிகுதி. தாளைக் கழுவி உலர்த்தி மீண்டும் நீரில் ஊறவைத்தால், இறுகாத பகுதிகள் நீரை உறிஞ்சி உப்பும். மேலே நிற்கும் நீரை ஒற்றி எடுத்தபின் மை ஏற்றினால், ஈரம் நிறைந்த இடம் மையைத் தள்ளும். இறுகிய இடம் பிடித்துக்கொள்ளும். எண்ணெயும் நீரும் ஒட்டாது என்பதுதான் இதன் அடிப்படை.

இத்தூரிகையின் முனை சாய்வாக வெட்டப்பட்டு மானின் குளம்பு போல இருக்கும். இதற்குப் பன்றி முடியும், கீரியை ஒத்த போல்கேட் என்னும் ஐரோப்பிய விலங்கின் முடியும் பெயர்பெற்றவை. முடிக்கு வளையும் தன்மை மட்டும் போதாது. வளைந்தவுடன் நிமிரவும் வேண்டும். மிக விறைப்பான முடி, ஊறிய ஜெலட்டினைக் கீறிவிடும். மிக மென்மையான முடியோ துள்ளாது. ஏனெனில் இங்கே தூரிகையை இழுத்துத் தீட்டுவதில்லை. மெதுவாக அழுத்தினால் மை தாளில் இறங்கும். அதே தூரிகையைத் துள்ளவிட்டு விரைவாகத் தட்டினால், வெளிச்சப் பகுதிகளில் படிந்த மை மேலே எழும்பி வந்துவிடும். வானத்தை வெளுப்பாக்குவதும் ஒரு மரத்தை இருளாக்குவதும் கையின் வேகத்தைப் பொறுத்தவை. பெல்ஜியத்தைச் சேர்ந்த லியோனார்ட் மிசோன் இம்முறையில் எடுத்த மூடுபனிக் காட்சிகள் ஓவியம் போலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தூரிகையிலிருந்து உதிரும் முடி மையில் ஒட்டிக்கொள்வது அன்றாடத் தொல்லை. வேலை முடிந்ததும் டர்பன்டைனால் மையைக் கரைத்து, சோப்பு நீரில் அலசி, முனை விரியாதபடி காகிதக் கூம்பில் செருகி உலர வைக்க வேண்டும். மை முடிக்குள் காய்ந்துவிட்டால் தூரிகை பெரும்பாலும் பயன்படாது. இன்று இத்தகைய தூரிகைகள் எளிதில் கிடைப்பதில்லை. முகச்சவரத் தூரிகையின் முனையைச் சாய்வாக வெட்டிப் பயன்படுத்துவோர் பலர். அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது.