ஊரின் முதல் டாக்டரும் உறங்க வேண்டும்

புதுக்கோட்டையை அடுத்த முள்ளூரில் 2017-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 150 இடங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. அவர்களின் கட்டணத்தையும் அரசே ஏற்றது. ப்ளஸ் டூ வரை தமிழில் படித்த பிள்ளையை, 'எங்க ஊரு டாக்டர்' என்று ஊரே கூடி வழியனுப்பி வைக்கிறது.

சேர்ந்த பிறகுதான் சோதனை. அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி என மலைபோல் ஆங்கிலப் புத்தகங்கள். பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கியவர், இன்டர்னல் தேர்வில் முதன்முறையாகத் தோற்கிறார். போனில் அம்மா கேட்டால் "நல்லாப் படிக்கிறேம்மா" என்கிறார். கொண்டாடிய ஊரிடம் 'முடியவில்லை' என்று எப்படிச் சொல்வது? பாடச் சுமையை விட இந்த மௌனமே கனமானது.

இது ஒருவர் இருவரின் பலவீனமல்ல. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-இல் வெளியிட்ட ஆய்வில் 25,590 இளநிலை மாணவர்கள் பங்கேற்றனர். மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னவர்கள் 27.8 சதவீதம். வெளியே தெரிந்துவிடுமோ என்ற அச்சமும் கூச்சமும் பலரை உதவி கேட்கவிடாமல் தடுக்கின்றன.

முதலாவதாகப் போகிறவரின் பாரத்தை இந்த மண் அறியும். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, எதிர்ப்புகளுக்கிடையே மன்னரின் அனுமதியோடு ஆண்கள் படித்த கல்லூரியில் சேர்ந்தார். 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். தந்தை நாராயணசாமி துணைநின்றார். துணிச்சலுக்கும் துணை வேண்டும்.

அந்தத் துணையைக் கல்லூரிகள் தர முடியும். அரசு மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்களுக்காக 'மனம்' என்ற மனநல நல்லாதரவு மன்றங்கள் 2022-இல் தொடங்கப்பட்டன. அவை உயிர்ப்போடு இயங்க வேண்டும். மாணவர் சொல்வது துறைத்தலைவர் காதுக்குப் போகாது என்ற உறுதி வேண்டும். தமிழ்வழியில் வந்தவர்களுக்கு முதலாண்டிலேயே சீனியர்கள் பாடத்தைத் தமிழில் விளக்கலாம். தேர்வில் தவறியவரை ஆசிரியரே தேடிச்சென்று பேசலாம்.

மாணவர்களே, இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். பெற்றோர்களே, அடுத்த முறை போன் செய்யும்போது மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். "சாப்பிட்டியா, தூங்குனியா" என்று கேளுங்கள். பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள்.