இளைஞரைக் கேட்டறியும் முறை

தமிழ் படிக்கும் வழக்கம் இளைஞரிடையே அருகிவிட்டது என்பார் ஒரு சாரார். இல்லையென மறுப்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் ஏதேனும் ஒரு வினாத்தாளையே சான்று காட்டுவர். அத்தாள் யார் கைக்குச் சென்றது என்று கேட்பார் அரியர்.

தீபாவளிக்கு முந்திய மாலையொன்றில் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ, கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ நின்று வருவோரை வினவினால், ஒரு பொழுதிலேயே 200 தாள்கள் நிறைந்துவிடும். ஆனால், அங்கு வந்தோர் தமிழ்க் கடைகளை நாடி வந்தோர். கிடங்கில் இரவு வேலை பார்ப்பவரும், பூச்சோங்கில் அறையெடுத்துத் தங்கியவரும், பேரங்காடிக்கே செல்பவரும் அதில் இடம்பெறார். அது கடைத்தெருவின் கணக்கேயன்றிக் கிள்ளான் பள்ளத்தாக்கு இளைஞரின் கணக்கு ஆகாது.

தொகையைப் பெருக்கினால் இக்குறை தீருமோ எனின், தீராது. 1936இல் அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, 20 இலட்சத்துக்கு மேற்பட்ட விடைகளைப் பெற்று, அதிபர் தேர்தலில் லாண்டன் வெல்வார் என்றது. வென்றவரோ ரூஸ்வெல்ட், 48 மாநிலங்களில் 46 அவர் பக்கம் நின்றன. தொலைபேசியும் மோட்டார் வண்டியும் உடையோர் பட்டியல்களிலிருந்தே பெயர்கள் பெரிதும் எடுக்கப்பட்டிருந்தன. விடை அனுப்பாதோரும் மிகப் பலர். முறையாகக் குலுக்கி எடுத்த 400 பேரும் விடை தருவராயின், நூற்றுக்கு 95 முறை பிழை 5 விழுக்காட்டைத் தாண்டாது.

குலுக்குவதற்குப் பட்டியல் வேண்டுமே! இளைஞரைப் பொறுத்தவரை இடர் அங்கேதான். வீடுவீடாகச் சென்றால் பகலில் கதவு திறப்பவர் தாயார். மகனுக்கும் சேர்த்து அவரே விடை சொல்லிவிடுவார். மலேசியாவின் 2020 மக்கட்கணக்கெடுப்பில் இணையவழி தாமே நிரப்பும் முறையும், பின்னர் நேரில் கேட்கும் முறையும் கையாளப்பட்டன. சிறு ஆய்வுக்கும் இவ்வழி ஏற்றதே: கைப்பேசிக்கு வினா அனுப்பி, விடை வராதோரை ஞாயிறு காலையில் நேரில் காணலாம்.

இளைஞர் யார் என்பதும் மாறியுள்ளது. வயதின் மேல்வரம்பை 40இலிருந்து 30ஆகக் குறைக்கும் திருத்தம் 2019இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பழைய அறிக்கையைப் புதியதோடு ஒப்பிடுவோர் முதலில் இதனை நோக்குதல் வேண்டும்.

இனி, வினாவின் சொல். "தமிழ் படிப்பீர்களா?" என்று ஆசிரியரே கேட்டால், மரியாதைக்கேனும் "ஆம்" என்பர். "சென்ற ஏழு நாளில் தமிழில் எதைப் படித்தீர்கள்?" என்று கேட்டால் உண்மை வெளிப்படும். தாளைத் தமிழில் மட்டும் அச்சிடுவது எல்லாவற்றினும் பெரும்பிழை. தமிழ் படிக்கத் தெரியாதவர் அதனை அப்படியே திருப்பித் தந்துவிடுவார். எஞ்சிய தாள்களைக் கூட்டிப் பார்த்தால், அனைவரும் தமிழ் படிப்பதாகவே கணக்கு வரும். மலாயிலும் ஆங்கிலத்திலும் அதே வினாக்களை அச்சிட்டு உடன் கொண்டு செல்லுதல் வேண்டும்.