சுவருக்குப் பணம் கட்டுவது யார்?

மாதம் பிறந்ததும் மாட்டுங்கா தபால் ஆபீசில் வரிசையில் நின்று ஊருக்கு மணியார்டர் அனுப்பியவர்கள் நம்மில் பலர். நூறு ரூபாய்க்கு ஐந்து ரூபாய் கமிஷன். அந்த ஐந்து ரூபாயை மிச்சம் பிடிக்க, தாதர் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகிறவர் யாராவது அகப்பட்டால் அவரிடம் கவரைக் கொடுத்தனுப்புவார் என் தகப்பனார். எந்த வழியில் போனாலும் பாட்டிக்குப் பணம் போய்ச் சேர்ந்துவிடும். கமிஷன் கட்டினால் அது அப்பாவின் சம்பளத்திலிருந்துதான் போகும்.

டொனால்ட் டிரம்ப்பின் எல்லைச் சுவர்த் திட்டத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கமிஷன்தான் ஞாபகம் வருகிறது.

2015 ஜூனில் அமெரிக்கத் தேர்தல் களத்தில் இறங்கிய டிரம்ப், மெக்ஸிகோ எல்லையில் பெருஞ்சுவர் எழுப்புவேன், செலவை மெக்ஸிகோவே கட்டும் என்றார். எப்படி என்று கேட்டவர்களுக்கு 2016 ஏப்ரலில் விடை சொன்னார். அமெரிக்காவில் பாடுபடும் மெக்ஸிகோக்காரர்கள் வீட்டுக்கு அனுப்பும் தொகை ஆண்டுக்குச் சுமார் 2,400 கோடி டாலர் என்பது அவர் கணக்கு. சட்டப்படி குடியிருப்பதற்கு அத்தாட்சி காட்டாதவர்கள் பணம் அனுப்பக் கூடாது என்று விதி செய்யப்போவதாக அறிவிப்பது. மெக்ஸிகோ அரசு ஒரே தவணையில் 500 முதல் 1,000 கோடி டாலர் வரை கொடுத்துவிட்டால் விதியைக் கைவிடுவது. இதுவே திட்டம்.

கேட்கும்போது காரியசித்தியாகும் போலத்தான் தோன்றும். ஆனால் வீட்டுக்குப் பணம் அனுப்பிப் பழகிய நமக்கு அதன் ஓட்டை உடனே தெரியும். அந்தப் பணம் மெக்ஸிகோ அரசின் கஜானாவுக்குப் போவதல்ல. தோட்டத்திலும் ஓட்டல் சமையலறையிலும் வியர்வை சிந்தியவன், தாயின் மருந்துக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் அனுப்புவது. ஒரு வாசலை அடைத்தால், அத்தாட்சி உள்ள உறவினர் பெயரில் அனுப்புவான். ஊருக்குப் போகிறவர் கையில் கொடுப்பான். அப்படியே பிடித்து வைத்தாலும், வலிப்பது அந்த வீட்டுக்கு.

நடந்தது என்ன? மெக்ஸிகோ ஜனாதிபதி பேன்யா நியேட்டோ ஒரு காசும் தர மாட்டோம் என்றார். 2017 ஜனவரியில் வாஷிங்டன் செல்லவிருந்த பயணத்தையே ரத்து செய்தார். 2018 டிசம்பரில் டிரம்ப் தம் நாட்டுக் காங்கிரஸிடமே 570 கோடி டாலர் கேட்டார். கிடைக்காததால் அரசின் ஒரு பகுதி 35 நாட்கள் முடங்கியது. கடைசியில் கிடைத்தது 137.5 கோடி. 2019 பிப்ரவரியில் அவசரநிலை அறிவித்து, ராணுவத்துக்கு ஒதுக்கிய நிதியைத் திருப்பிவிட்டார். அவரது முதல் பதவிக்காலம் முடியும்போது சுமார் 450 மைல் சுவர் எழும்பியிருந்தது. அதில் பெரும்பகுதி, பழைய வேலியைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட்டது. ஒதுக்கப்பட்ட சுமார் 1,500 கோடி டாலரும் அமெரிக்க மக்களின் வரிப்பணம்.

கதை அத்தோடு முடியவில்லை. 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் சுவருக்காக 4,650 கோடி டாலர் ஒதுக்கியது. அதே சட்டத்தில், வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்தின் மீது வரியும் உண்டு. முதலில் 5 சதவீதம் என்றார்கள், பிறகு 3.5, முடிவில் 1 சதவீதம். 2026 ஜனவரி முதல் ரொக்கமாகவோ மணியார்டராகவோ கொடுத்து அனுப்புகிறவர் இதைக் கட்ட வேண்டும். அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் வரி இல்லை.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 2024இல் மெக்ஸிகோவுக்கு வெளிநாடுகளிலிருந்து வந்த பணம் சுமார் 6,470 கோடி டாலர். பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தது. அது முழுவதற்கும் 1 சதவீதம் வசூலித்தாலும் ஆண்டுக்கு 65 கோடிதான் தேறும். 4,650 கோடியை எட்ட எழுபது ஆண்டுகளுக்கு மேலாகும்! வங்கி வழிக்கு விலக்கு இருப்பதால், அந்த 65 கோடியும் முழுதாக வராது.

நம் பிள்ளைகளுக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். 2023-24இல் இந்தியாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அமெரிக்காவிலிருந்து வந்ததாக ரிசர்வ் வங்கியின் ஆய்வு சொல்கிறது. கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர் கணக்கிலிருந்து அனுப்பித் தப்பித்துவிடுவார். கடை கவுண்டரில் ரொக்கத்தை எண்ணிக் கொடுக்கும் கூலிக்காரர்தான் கட்டுவார், அவர் எந்த நாட்டவராயினும்.

எல்லையைக் காப்பது எந்த நாட்டுக்கும் உள்ள உரிமை. நம் நாடும் வங்கதேசத்துடனான 4,096 கிலோமீட்டர் எல்லையில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வேலி போட்டிருக்கிறது. ஆறு குறுக்கிடும் இடங்களும், கையகப்படுத்த முடியாத நிலங்களும் இன்னும் பாக்கி. அந்த வேலிக்கு டாக்காவிடம் நாம் பில் அனுப்பவில்லை. நம் பட்ஜெட்டில்தான் கணக்கு எழுதினோம். வேலி வேண்டுமா வேண்டாமா என்று வாதிடலாம். வேண்டும் என்று முடிவு செய்த வீட்டுக்காரன்தான் கூலியும் கொடுக்க வேண்டும்.

மணியார்டர் பாரத்தின் அடியில் சேதி எழுதக் கொஞ்சம் இடம் இருக்கும். "இங்கே அனைவரும் சௌக்கியம், உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்" என்று அப்பா எழுதுவார். அந்த வரியோடு போகிற பணத்தை நம்பிச் சுவர் கட்டக் கணக்குப் போட்டவர், அதை அனுப்புகிறவனின் பிடிவாதத்தைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார்.