கல் கல்லாகக் கழற்றிக் காப்பாற்றிய தேனீ வீடு

குளுவாங்கிலிருந்து ரெங்கம், பாலோ, நியோர் பக்கம் போய் வருகிறவர்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் பால் மரம் நின்ற இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. மரம் போனதோடு, ஷீட்டுக்குப் புகை போட்ட கொட்டகைகளும் பழைய லயங்களும் ஒவ்வொன்றாகப் போயின. "பழசுதானே, போனா போகட்டும்" என்று நாமும் இருந்துவிட்டோம்.

இங்கிலாந்திலும் ஒரு கட்டடம் இப்படித்தான் இடிபட இருந்தது. அது அரண்மனையல்ல, தேவாலயமுமல்ல. தேனீக்கள் குடியிருந்த கல் கட்டடம்!

அந்தக் காலத்து ஐரோப்பியக் குடியானவர்கள் வைக்கோலைக் கயிறு மாதிரி திரித்துச் சுருட்டிக் கூடை பின்னி, அதைக் கவிழ்த்து வைத்துத் தேனீ வளர்த்தார்கள். மழை பட்டால் கூடை ஊறிப்போகும். அதனால் சுவரில் விளக்கு மாடம் போலக் குழி விட்டு அதற்குள் கூடையை வைத்தார்கள். குளோஸ்டர்ஷயர் மாவட்டத்து நெயில்ஸ்வொர்த் ஊரில், கல்லுடைக்கும் குவாரி வைத்திருந்த போல் டஃப்ளி என்ற கொத்தனார், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இதற்கென்றே அடுக்கடுக்காக மாடம் வைத்துத் தனிக் கட்டடம் எழுப்பினார். அவரே தேனீ வளர்த்தவர். கூரை விளிம்பிலும் தூணிலும் உளி வேலை பிரமாதம். தேனீக்கு இவ்வளவு அலங்காரம் எதற்கு என்று கேட்கலாம். கைத்தொழில் தெரிந்தவனுக்குத்தான் அந்த ஆசை புரியும்.

கூடை முறையில் ஒரு கொடுமை இருந்தது. தேன் எடுக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் கந்தகப் புகை போட்டுத் தேனீக்களைக் கொன்றுவிடுவார்கள். 1851இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார் ஓர் உண்மையைக் கண்டுகொண்டார்: சுமார் கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக இடைவெளி விட்டால் தேனீ அதை மெழுகால் அடைப்பதில்லை. அதை வைத்துத்தான் சட்டத்தைக் கழற்றி மாட்டும் மரப்பெட்டி வந்தது. பெட்டிக்கு மூடி உண்டு. கல் மாடம் தேவையில்லை. டஃப்ளியின் கட்டடத்துக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

பிறகு அந்த இடத்தில் போலீஸ் நிலையம் வந்தது. 1968இல் நிலையத்தைப் பெரிதாக்க வேண்டும், இதை அகற்ற வேண்டும் என்ற நிலை. அவ்வட்டாரத் தேனீ வளர்ப்போர் சங்கத்தார் முன்வந்து, கல் கல்லாகக் கழற்றி ஹார்ட்பரி விவசாயக் கல்லூரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கட்டினார்கள். அங்கேயும் மழையும் பனியும் கல்லை அரித்தன. மறுபடி கழற்றிப் பழுதுபார்த்து, 2002இல் ஹார்ட்பரி தேவாலயத்து வளாகத்தில் நிறுத்தினார்கள். முன்பு, பிரான்சிலிருந்து வந்த கல், பல நூறு வருடத்துக் கட்டடம் என்றெல்லாம் நம்பியிருந்தார்கள். தேடிப் பார்த்த பிறகே உள்ளூர்க் கல், உள்ளூர்க் கொத்தனார் என்று தெரிந்தது. கட்டடம் நின்றதால்தானே அவர் பெயரும் கிடைத்தது!

தேனீக்கும் பால் மரத்துக்கும் சம்பந்தம் உண்டு, தெரியுமா? இலை உதிர்ந்து துளிர் விடும்போது, மூன்று இலையும் காம்பில் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே இனிப்பு நீர் சுரக்கும். பூவை விடத் தேனீ அதற்குத்தான் மொய்க்கும். கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் காடுகளில் தேன் எடுப்பது பெரிய தொழில். அங்கே மார்த்தாண்டத்தில் 1920களிலேயே ஒய்.எம்.சி.ஏ. மையம் ஏழைக் குடும்பங்களுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தது. நிரையில் நின்று மரம் சீவிய நாம் அண்ணாந்து பார்க்கவில்லை. பால் வாளியைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது.

ஹார்ட்பரிக்காரர்கள் செய்ததில் பாதியாவது நம்மால் முடியும். உங்கள் தோட்டத்தில் பழைய ஸ்டோர், புகைக்கொட்டகை, ஆயாக் கொட்டகை எதுவாவது நிற்கிறதா? கைபேசியில் நாலு பக்கமும் படம் எடுங்கள். சுவரில் ஆண்டு பொறித்திருந்தால் அதையும் சேருங்கள். கட்டியது யார், அடுப்பில் விறகு போட்டது யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு எழுதி அனுப்புங்கள். இப்பகுதியில் வெளியிடுவோம்.