பொதுவளங்களின் அவலம்

பொதுவளங்களின் அவலம் என்பது, பலர் கூடிப் பயன்படுத்தும் வரம்புடைய ஒரு வளம், ஒவ்வொருவரும் தத்தம் நலனை மட்டும் கருதிச் செயற்படுவதால் தேய்ந்து, இறுதியில் அனைவருக்கும் பயனற்றுப் போகும் நிலையைக் குறிக்கும். மேய்ச்சல் நிலம், மீன்வளம், காடு, ஏரி, நிலத்தடி நீர், வளிமண்டலம் ஆகியவை இதற்கு வழமையாகக் கூறப்படும் எடுத்துக்காட்டுகள் ஆகும். மனிதரின் தன்னலத்துக்கும் சமூக நலனுக்கும் இடையேயான முரண்பாட்டை இச்சிக்கல் தெளிவாகக் காட்டுவதால், பொருளியல், சூழலியல், அரசறிவியல், சமூகவியல் ஆகிய துறைகளில் இது விரிவாக ஆயப்படுகின்றது. தன்னலத்தை அறிவுரையால் மட்டும் கட்டுப்படுத்துவது கடினம் என்பதும், பயனாளிகளே வகுத்துக் காக்கும் விதிகள் பல இடங்களில் நூற்றாண்டுக் கணக்கில் அதனைக் கட்டுப்படுத்தி வந்துள்ளன என்பதும் இவ்வாய்வுகளின் முதன்மையான முடிவுகள் ஆகும்.

சிக்கலின் தன்மை

ஓர் ஊரின் மேய்ச்சல் நிலம் 100 மாடுகளைத் தாங்க வல்லது என்று கொள்வோம். அவ்வூரின் 10 குடும்பங்களும் தலைக்கு 10 மாடுகளை மேய்க்கின்றன. ஒரு குடும்பம் பதினோராவது மாட்டை ஓட்டிவந்தால், அம்மாட்டின் பாலும் கன்றும் முழுமையாக அக்குடும்பத்துக்கே உரியவை. ஆனால் புல் குறைவதால் ஏற்படும் இழப்பு 10 குடும்பங்களுக்கும் பகிரப்படுகின்றது. மாட்டை ஓட்டிவந்தவர் தாங்குவது அதில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே. எனவே தனியொருவரின் கணக்கில் இது இலாபமே. இதே கணக்கை 10 குடும்பங்களும் போடுமாயின் நிலம் தரிசாகிவிடும்.

இதில் எவரும் தீயவராக இருக்க வேண்டிய தேவையில்லை என்பது கவனிக்கத்தக்கது. மனச்சான்றுடைய ஒருவர் தம் மாடுகளைக் குறைத்துக்கொண்டாலும், அவர் விட்டுவைத்த புல்லை அடுத்தவரின் மாடுகள் மேய்ந்துவிடும். நிலமும் காக்கப்படாது, அவருக்கும் இழப்பு. பிறரும் கட்டுப்படுவர் என்ற உறுதி இல்லாத இடத்தில் நல்லவரும் தன்னலக்காரரைப் போலவே நடந்துகொள்ள நேர்கின்றது.

பொருள்களின் வகைகள்

ஒரு பொருளைப் பிறர் பயன்படுத்தாமல் தடுப்பது எளிதா, ஒருவர் பயன்படுத்தினால் மற்றவருக்குக் குறையுமா என்னும் இரு கேள்விகளைக் கொண்டு பொருளியலாளர் பொருள்களை நான்கு வகையாகப் பிரிப்பர்.

1. தனியார் பொருள்: தடுக்கலாம், குறையும். எ.கா: அரிசி, உடை.
2. கட்டணப் பொருள்: தடுக்கலாம், குறையாது. எ.கா: கம்பிவடத் தொலைக்காட்சி.
3. பொதுப் பொருள்: தடுப்பது கடினம், குறையாது. எ.கா: கலங்கரை விளக்கத்தின் ஒளி.
4. பொதுவளம்: தடுப்பது கடினம், குறையும். எ.கா: ஏரி நீர், கடல் மீன்.

நான்காம் வகையிலேயே இந்த அவலம் நேர்கின்றது. கட்டற்ற மென்பொருளை எத்தனை பேர் படியெடுத்தாலும் மூலம் குறைவதில்லை. ஏரி நீரின் நிலை அவ்வாறானது அன்று.

கருத்தின் வரலாறு

பலருக்கும் பொதுவான பொருளுக்குக் குறைந்த கவனிப்பே கிடைக்கும் என்னும் கருத்தை அரிசுட்டாட்டில் தமது அரசியல் நூலில் குறிப்பிட்டுள்ளார். ஆங்கில மெய்யியலாளர் தாமசு ஆபிசு 1651இல் வெளியிட்ட இலெவியத்தான் என்னும் நூலில், பொது அதிகாரம் இல்லாத நிலையில் மனிதர் ஒருவரோடு ஒருவர் ஓயாது மோதுவர் என்றும், அதனைத் தவிர்க்கவே தம் உரிமைகளை ஓர் அரசிடம் ஒப்படைக்கின்றனர் என்றும் வாதிட்டார்.

ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் பார்சுட்டர் இலாயிடு 1833இல் வெளியிட்ட சொற்பொழிவுகளில் பொது மேய்ச்சல் நில எடுத்துக்காட்டைக் கையாண்டார். அமெரிக்கச் சூழலியலாளர் கேரட் ஆர்டின் 1968 திசம்பரில் சயன்சு இதழில் எழுதிய கட்டுரை இக்கருத்தை உலகறியச் செய்தது. அவலம் என்ற பெயரும் அக்கட்டுரையின் தலைப்பிலிருந்தே வந்தது. மனச்சான்றை நம்பிப் பயனில்லை, அரசுக் கட்டுப்பாடோ தனியுடைமையோ தேவை என்பது அவரது நிலைப்பாடு ஆகும்.

ஆட்டக் கோட்பாடும் சோதனைகளும்

1950இல் மெரில் பிளட், மெல்வின் திரெசர் ஆகியோர் உருவாக்கிய ஆட்டம் ஒன்றுக்கு ஆல்பர்ட்டு தக்கர் கைதியின் இக்கட்டு என்ற வடிவத்தைத் தந்தார். இருவர் ஒத்துழைத்தால் இருவருக்கும் நன்மை. ஆயினும் மற்றவர் எதைச் செய்தாலும் தனக்கு ஏமாற்றுவதே கூடுதல் நன்மை தரும். எனவே இருவரும் ஏமாற்றி, இருவரும் இழக்கின்றனர். இராபர்ட்டு ஆக்செல்ரோடு இந்த ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடும் கணினி நிரல்களுக்கிடையே போட்டிகளை நடத்தினார். முதலில் ஒத்துழைத்து, பின்னர் எதிராளி முன்சுற்றில் செய்ததையே திருப்பிச் செய்யும் மிக எளிய நிரல் இரு போட்டிகளிலும் வென்றது. மீண்டும் சந்திக்க நேரும் என்ற நிலை, தன்னலம் உடையோரையும் ஒத்துழைக்கச் செய்யும் என்பதை 1984இல் வெளியான தமது நூலில் அவர் விளக்கினார்.

எர்ன்சுட்டு பெகர், சைமன் கெக்டர் ஆகியோர் சூரிக்கு நகரில் மாணவர்களைக் கொண்டு நடத்தி, 2002இல் வெளியிட்ட சோதனையும் முதன்மையானது. நால்வர் கொண்ட குழுவில் ஒவ்வொருவருக்கும் 20 பண அலகுகள் தரப்பட்டன. பொதுக் கணக்கில் இடப்படும் ஒவ்வோர் அலகுக்கும் நால்வரும் தலைக்கு 0.4 அலகு பெறுவர். எல்லோரும் முழுத் தொகையையும் இட்டால் ஒவ்வொருவருக்கும் 32 கிடைக்கும். எவரும் இடாவிட்டால் 20 மட்டுமே மிஞ்சும். மூவர் இட்டு ஒருவர் ஒளித்துக்கொண்டால், ஒளித்தவருக்கு 44, மற்றவர்களுக்கு 24. தண்டனைக்கு வழியில்லாத சுற்றுகளில் பங்களிப்பு படிப்படியாகக் குறைந்தது. தம் பணத்தில் ஓர் அலகைச் செலவிட்டு மற்றொருவருக்கு மூன்று அலகு தண்டம் விதிக்கலாம் என்ற விதி வந்ததும் பங்களிப்பு உயர்ந்தது. ஒரே ஆட்களை மீண்டும் சந்திக்க வாய்ப்பில்லாதபோதும், தமக்கு இழப்பு என்று அறிந்தும் பலர் தண்டித்தனர். மனிதரிடம் தன்னலம் மட்டுமன்றி, நியாயம் மீறப்படும்போது எழும் சினமும் உண்டு என்பதை இது காட்டுகின்றது.

அவலம் நேர்ந்த இடம்: நியூபவுண்ட்லாந்து

கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையோரக் கடல் பல நூற்றாண்டுகளாகக் காட் மீனுக்குப் பெயர் பெற்றது. 1950களுக்குப் பின் பல நாடுகளின் பெரும் இழுவைக் கப்பல்கள் அங்கு வந்தன. 1968இல் பிடிப்பு ஏறத்தாழ 8 இலட்சம் தொன்னை எட்டி, பின்னர் சரிந்தது. 1977இல் கனடா தன் மீன்பிடி எல்லையை 200 கடல் மைலாக விரித்து வெளிநாட்டுக் கப்பல்களைக் கட்டுப்படுத்தியது. ஆனால் அவற்றின் இடத்தை உள்நாட்டு இழுவைக் கப்பல்கள் பிடித்துக்கொண்டன. மீன் இருப்பு மிகையாக மதிப்பிடப்பட்டது. தம் வலைகளில் மீன் குறைகின்றது என்று கரையோரச் சிறு மீனவர் எச்சரித்தபோதும், வேலையிழப்புக்கு அஞ்சி ஒதுக்கீடுகள் போதிய அளவு குறைக்கப்படவில்லை.

1992 சூலை 2 அன்று காட் மீன்பிடி தடைசெய்யப்பட்டது. ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தனர். பல மீனவ ஊர்கள் வெறிச்சோடின. வணிக மீன்பிடி சிறிய அளவில் மீண்டும் தொடங்க 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரசின் கட்டுப்பாட்டில் இருந்தமை மட்டுமே ஒரு வளத்தைக் காத்துவிடாது என்பதற்கு இது சான்றாகும்.

அவலம் தவிர்க்கப்பட்ட இடங்கள்

அமெரிக்க அரசறிவியலாளர் எலினோர் ஓசுட்ரோம், அரசும் தனியுடைமையும் மட்டுமே தீர்வு என்ற கருத்தை மறுத்தார். உலகின் பல பகுதிகளில் மக்கள் தாமே விதி வகுத்துப் பொதுவளங்களைக் காத்துவந்ததை 1990இல் வெளியான தமது நூலில் அவர் ஆவணப்படுத்தினார். இவ்வாய்வுக்காக 2009இல் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசை ஆலிவர் வில்லியம்சனுடன் பகிர்ந்துகொண்டார். அப்பரிசைப் பெற்ற முதல் பெண் இவரே.

சுவிட்சர்லாந்தின் தோர்பெல் என்னும் மலையூரில், குளிர்காலத்தில் தன் தீவனத்தால் காக்கக்கூடிய மாடுகளுக்கு மேல் எவரும் பொது மேய்ச்சலுக்கு அனுப்பக் கூடாது என்ற விதி 1517இலேயே இருந்தது. மீறுவோரிடம் பெறும் தண்டத்தில் பாதி, அதனைக் கண்டுபிடித்து விதிக்கும் ஊர் அலுவலருக்கு உரியது. எனவே கண்காணிப்பவரின் தன்னலமும் விதியின் பக்கமே நின்றது.

துருக்கியின் அலன்யா மீனவர், மீன் பிடிக்கும் இடங்களைப் பட்டியலிட்டு, ஆண்டுதோறும் செப்டெம்பரில் குலுக்கல் முறையில் பகிர்கின்ற ஒரு முறையை உருவாக்கினர். சனவரி வரை ஒவ்வொருவரும் நாள்தோறும் ஓரிடம் கிழக்கே நகர்வர். பின்னர் மேற்கே நகர்வர். இதனால் நல்ல இடங்கள் எல்லோருக்கும் முறைவைத்துக் கிடைக்கும். ஒருவர் தம் முறையன்றி நல்ல இடத்துக்குப் போனால், அன்று அவ்விடத்துக்கு உரியவர் அங்கே நேரில் காண்பார். காவலுக்குத் தனிச்செலவு இல்லை.

எசுப்பானியாவின் வலென்சியா நகரில், எட்டுப் பாசனக் கால்வாய்களின் வழக்குகளைத் தீர்க்கும் நீர் நீதிமன்றம் வியாழக்கிழமைதோறும் பேராலய வாயிலில் கூடுகின்றது. நடுவர்கள் உழவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உழவர்களே. வழக்கு வாய்மொழியாகவே நடைபெறும். இம்மன்றம் 2009இல் யுனெசுக்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

ஓசுட்ரோமின் எட்டு நெறிகள்

நெடுங்காலம் நிலைத்த அமைப்புகளில் பொதுவாகக் காணப்படுபவை:

1. வளத்துக்கும் பயனாளிகளுக்கும் தெளிவான எல்லை.
2. உள்ளூர் நிலைமைக்குப் பொருந்தும் விதிகள். உழைப்புக்கு ஏற்ற பயன்.
3. விதிக்குக் கட்டுப்படுவோர் அவ்விதியை மாற்றுவதில் பங்குகொள்ளல்.
4. பயனாளிகளுக்குப் பொறுப்புடைய கண்காணிப்பு.
5. முதல் தவறுக்குச் சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூடும் தண்டனை.
6. குறைந்த செலவில் விரைவில் பிணக்குத் தீர்க்கும் வழி.
7. மக்கள் தாமே அமைப்பாகும் உரிமையை அரசு மதித்தல்.
8. பெரிய வளங்களில், சிறு அமைப்புகள் பெரியவற்றினுள் அடுக்கடுக்காக அமைதல்.

தமிழ்நாட்டு ஏரிகள்

ஏரிப் பாசனம் இச்சிக்கலின் மற்றொரு வடிவம் ஆகும். தலைமடை உழவர் தேவைக்கு மேல் நீர் எடுத்தால் கடைமடை வயல் காயும். தூர் வாரவும் கரை உயர்த்தவும் ஒருவர் மட்டும் உழைத்தால் பயனில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரி வாரியம் உள்ளிட்ட குழுக்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்ததைக் கூறுகின்றன. பதவிக்காலம் ஓராண்டு. முந்தைய மூன்றாண்டுகளில் வாரியப் பணி செய்தவர் தேர்வுக்கு உரியவர் அல்லர். கணக்குக் காட்டாதவரும் அவரது நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். வளத்தைக் காப்பவரின் தன்னலத்துக்கும் இவ்விதிகள் கடிவாளம் இட்டன.

பிற்காலத்தில் ஏரிப் பராமரிப்புக்கு ஊரார் உழைப்புத் தரும் வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. பல ஊர்களில் வயல்களுக்கு முறைவைத்து நீர் பாய்ச்சும் பணியை நீர்க்கட்டி என்பவர் செய்தார். அவருக்கு அறுவடையில் நெல் கூலியாகத் தரப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் நிலவருவாய் முறை மாறி, ஏரிகளின் பொறுப்பு பொதுப்பணித் துறைக்குச் சென்றபோது இவ்வழக்கம் தளர்ந்தது. குடிகளின் உழைப்பைச் சட்டத்தால் பெற முயன்ற 1858ஆம் ஆண்டுச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் அதனை மீட்கவில்லை. ஆழ்துளைக் கிணறுகள் பெருகிய பின்னர், சொந்தக் கிணறு உடையோருக்கு ஏரியைப் பேணும் தேவை குறைந்தது. நிலத்தடி நீரோ அதைவிடக் கட்டற்ற பொதுவளமாயிற்று. தமிழக அரசு 2017இல் குடிமராமத்து என்ற பெயரில் தூர் வாரும் திட்டத்தைத் தொடங்கியது.

வரம்புகளும் விமர்சனங்களும்

ஆர்டின் விவரித்தது பொதுவளத்தை அன்று, எவருக்கும் விதி இல்லாத திறந்த வளத்தையே என்பது அவர்மீதான முதன்மை விமர்சனம் ஆகும். நிருவகிக்கப்படாத பொதுவளம் என்றே கூறியிருக்க வேண்டும் என்று அவரும் பின்னர் ஏற்றுக்கொண்டார்.

ஊர் விதிகள் எல்லாம் நீதியானவை என்றும் கொள்ள இயலாது. உத்திரமேரூரில் நிலமும் கல்வியும் உடைய அந்தணரே வாரியங்களில் இடம்பெற முடிந்தது. பழவேற்காடு ஏரியில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் பாடு முறை மீனவரிடையே மோதலைத் தவிர்த்தது. ஆயினும் அம்முறையில் சேரும் உரிமை சாதி அடிப்படையில் அமைந்தமையால் பிறர் வெளியே நிறுத்தப்பட்டனர். தன்னலத்தைக் கட்டுப்படுத்தும் விதியே ஒரு குழுவின் தன்னலமாகவும் மாறக்கூடும்.

தண்டம் எப்போதும் பயன் தருவதில்லை. இசுரேலின் கைஃபா நகரக் குழந்தைக் காப்பகங்களில் நடந்து 2000இல் வெளியான ஆய்வில், குழந்தையை அழைத்துச் செல்லத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சிறு தண்டம் விதிக்கப்பட்டபோது தாமதம் குறையவில்லை, கூடியது. காக்க வைக்கின்றோமே என்ற கூச்சம் மறைந்து, தண்டம் ஒரு கட்டணம் போலக் கருதப்பட்டது. தண்டத்தை நீக்கிய பின்னரும் பழைய நிலை திரும்பவில்லை.

உலகளாவிய வளங்களில் சிக்கல் மேலும் கடினமானது. ஒருவரையொருவர் அறியாத பல கோடி மக்கள் ஒரே வளிமண்டலத்தைப் பகிர்கின்றனர். ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் ஏற்பட்ட மொண்ட்ரியால் உடன்படிக்கை, சேராத நாடுகளுடன் வணிகக் கட்டுப்பாடு, வளரும் நாடுகளுக்கு நிதியுதவி ஆகியவற்றைக் கொண்டு வெற்றி பெற்றது. காலநிலை மாற்றம் குறித்த 2015ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையிலோ ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே வகுத்துக்கொள்கின்றது. இலக்கைத் தவறவிடும் நாட்டுக்குத் தண்டனை ஏதும் இல்லை.