கோடையில் தக்காளிப் பூ உதிர்வது ஏன்?

சித்திரை மாதத்தில் தக்காளிச் செடி தழைத்து நிற்கும். பூவும் கொத்துக் கொத்தாக எடுக்கும். ஆனால் காய் பிடிக்காமல் பூக்கள் உதிர்ந்துவிடும். உரம் போதவில்லை என்று கருதிப் பல விவசாயிகள் யூரியாவை அள்ளி இடுகின்றனர். பெரும்பாலும் இதற்குக் காரணம் வெப்பமே.

தக்காளி காய்ப்பதற்கு 15 முதல் 20 டிகிரி சென்டிகிரேடு இரவு வெப்பம் ஏற்றது. பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தத்தூள் வீரியம் இழக்கிறது. கருவுறாத பூ உதிர்கிறது. தப்பிப் பிடித்த காயும் கடும் வெப்பத்தில் நன்கு சிவக்காமல், மஞ்சள் கலந்தே பழுக்கும். இந்நிலையில் தழைச்சத்தை அதிகமாக இட்டால் இலைதான் பெருகும்; செலவு வீணாகும்.

இதைத் தவிர்க்க, பூக்கும் காலத்தைக் கணக்கிட்டு விதைக்க வேண்டும். நாற்று 25 நாளில் நடவுக்கு வரும். நட்ட சுமார் 30 நாளில் பூக்கும். எனவே மாசியில் விதைத்தால் சித்திரை வெயிலில் பூக்கும். கார்த்திகையில் விதைத்தால் தை மாதக் குளிர்ச்சியில் பூத்து நன்கு காய் பிடிக்கும்.

ஏற்கெனவே கோடைப் பயிர் நிற்குமானால், வரிசைகளுக்கிடையே வைக்கோல் அல்லது கரும்புச் சோகையைப் பரப்பி மண்ணின் ஈரத்தைக் காக்கலாம். காயவிட்டுப் பின் வெள்ளமாகப் பாய்ச்சினால் காய் வெடிக்கும். குறைந்த இடைவெளியில் அளவாகப் பாய்ச்சுவதே நல்லது. பூவை உதறிப் பார்த்து, இலைப்பேன் தென்பட்டால் மட்டுமே மருந்து தெளிக்க வேண்டும். வெயிலால் உதிரும் பூவை எந்தப் பூச்சிமருந்தும் நிறுத்தாது.