அரை கோடி கார் அபேஸ் ஆனால்... டிராக்கர் கருவி காப்பாற்றுமா?

சென்னை: அரை கோடி ரூபாய் கொட்டி கார் வாங்குகிறார்கள். ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டாலே சீறிப் பாய்கிற வண்டி. அதை ராத்திரியோடு ராத்திரியாக எவனாவது கிளப்பிக்கொண்டு கம்பி நீட்டினால்?

“இன்சூரன்ஸ் இருக்கு, போட்ட பணம் பூரா வந்துடும்” என்று சிலர் நினைக்கிறார்கள். “ஜி.பி.எஸ். மாட்டியாச்சு, எங்கே போனாலும் பிடிச்சிடலாம்” என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள்.

இரண்டுமே பாதிதான் உண்மை!

வருவது எவ்வளவு?

கார் திருடு போனால் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுப்பது நீங்கள் கொடுத்த விலையை அல்ல. பாலிசியில் ‘ஐ.டி.வி.’ என்று ஒரு தொகை போட்டிருக்கும். அதுதான் கணக்கு.

காருக்கு வயது ஏற ஏற இந்தத் தொகை இறங்கும். 6 மாதம் வரை 5 சதவீதம் கழிவு. ஒரு வருஷம் வரை 15. இரண்டு வருஷம் வரை 20. மூன்று வருஷம் வரை 30. நான்கு வரை 40. ஐந்து வரை 50 சதவீதம்!

50 லட்ச ரூபாய் காரை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வரி உயர்ந்த பிறகு 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். அதாவது சுமார் 10 லட்சம். ஆகமொத்தம் 60 லட்சம் கையை விட்டுப் போயாச்சு.

மூன்றாவது வருஷத்தில் கார் களவு போகிறது. 30 சதவீதம் கழிவு போக ஐ.டி.வி. 35 லட்சம். கட்டிய ஆயுள் வரி இந்தக் கணக்கிலேயே வராது. 25 லட்சம் அம்போ! கார் கடனில் வாங்கியது என்றால், வருகிற பணத்திலும் முதல் கை வைப்பது பாங்கிதான்.

இந்தப் பள்ளத்தை நிரப்ப ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ என்று ஒரு கூடுதல் பாலிசி உண்டு. கூடுதலாகக் கொஞ்சம் பிரீமியம் கட்டினால் வாங்கிய விலையே கிடைக்கும். ஆனால் கார் புதிதாக இருக்கிற சில வருஷங்களுக்குத்தான் இதைத் தருவார்கள். ஆயுள் வரியும் சேருமா என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

“சார், ஐ.டி.வி.யைக் கொஞ்சம் குறைச்சுப் போட்டா பிரீமியம் குறையும்” என்று யாராவது யோசனை சொன்னால் உஷார்! இன்றைக்குச் சில ஆயிரம் மிச்சம். கார் போனால் சில லட்சம் நஷ்டம்.

எல்லோருக்கும் ஒரே கட்டணம்!

ஒரு வேடிக்கை. அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான ‘தேர்ட் பார்ட்டி’ இன்சூரன்ஸ் சட்டப்படி கட்டாயம். 2022 ஜூனில் அரசு நிர்ணயித்தபடி 1,500 சி.சி.க்கு மேற்பட்ட சொந்தக் காருக்கு இது வருஷத்துக்கு 7,897 ரூபாய். குடும்பத்தோடு திருப்பதி போகிற இன்னோவாவுக்கும் இதே தொகைதான். கோடிக்கணக்கில் விலை போகும் லம்போர்கினிக்கும் இதே தொகைதான்!

பிரீமியம் எகிறுவது சொந்த சேதத்துக்கான பகுதியில். காரின் மதிப்பு, என்ஜின், வயது, ஊர் எல்லாம் அங்கேதான் கணக்குக்கு வரும். தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருப்பவருக்குக் கார் திருடு போனால் காலணா கிடைக்காது.

தள்ளுபடி 500 ரூபாய்!

இனி டிராக்கர் விஷயத்துக்கு வருவோம்.

புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. அங்கீகரித்த திருட்டுத் தடுப்புக் கருவி பொருத்தினால் பிரீமியத்தில் சலுகை உண்டு என்று 2002-ம் ஆண்டு மோட்டார் இன்சூரன்ஸ் விதியில் இருக்கிறது. எவ்வளவு? சொந்த சேத பிரீமியத்தில் 2.5 சதவீதம். ஆனால் 500 ரூபாய்க்கு மேல் கிடையாது!

2007-ல் கட்டுப்பாடு தளர்ந்தது. இப்போது கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் இருக்கலாம். ஆனாலும் தள்ளுபடியை நம்பி டிராக்கர் வாங்கினால் கருவியின் விலைகூடத் தேறாது. அதற்குள் இருக்கும் சிம் கார்டுக்கு வருஷா வருஷம் சந்தா வேறு.

இங்கிலாந்தில் கதையே வேறு. அங்கே விலை உயர்ந்த காருக்கு டிராக்கர் இல்லாவிட்டால் பாலிசியே தர மறுக்கும் கம்பெனிகள் பல உண்டு. கருவி இருந்தால் மட்டும் போதாது. சந்தாவும் நடப்பில் இருக்க வேண்டும். சந்தா கட்ட மறந்த நேரத்தில் கார் போனால் வில்லங்கம்தான்.

ஆசாமிகளின் கைவரிசை

சாவியைத் திருடாமலே காரைத் திருடுகிறார்கள்! பட்டன் அமுக்கினால் கிளம்பும் கார்களில் சாவியும் காரும் மெல்லிய ரேடியோ அலை மூலம் பேசிக்கொள்ளும். ஒருவன் வீட்டு வாசலில் கருவியோடு நின்று அந்த அலையைப் பெருக்கி அனுப்புவான். இன்னொருவன் கார் பக்கத்தில் நிற்பான். சாவி அருகில்தான் இருக்கிறது என்று நம்பி கார் கதவைத் திறந்துவிடும்.

டிராக்கரையும் ஏமாற்ற வழி வைத்திருக்கிறார்கள். அது செயற்கைக்கோளிலிருந்து இடத்தைத் தெரிந்துகொண்டு செல்போன் கோபுரம் வழியாகச் சேதி அனுப்புகிறது. சின்ன ‘ஜாமர்’ ஒன்று போதும், அதன் வாயை அடைக்க. தரைக்குக் கீழே உள்ள பார்க்கிங்கிலும் பல நேரம் சிக்னல் கிடைக்காது. காரின் பாட்டரியைக் கழற்றினாலே செத்துப்போகிற மலிவுக் கருவிகளும் உண்டு.

பாஸ்டன் பாடம்

அப்படியானால் டிராக்கர் வீணா? அதுவும் இல்லை!

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1986-ல் ‘லோஜாக்’ என்ற ரேடியோ கருவி வந்தது. காருக்குள் எங்கோ ஒளித்து வைப்பார்கள். கார் மேல் ஸ்டிக்கர் கிடையாது. போலீஸ் வண்டிகளில் அதைத் தேடும் கருவி இருக்கும்.

எந்தக் காரில் ஒற்றன் ஒளிந்திருக்கிறான் என்று திருடனுக்குத் தெரியாது. அதனால் எல்லாக் காரையும் தொடப் பயந்தான். அயர்ஸ், லெவிட் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், லோஜாக் வந்த நகரங்களில் கார் திருட்டு நன்றாகக் குறைந்தது என்று காட்டினார்கள். ஆனால் காசு போட்டு மாட்டியவருக்குக் கிடைத்த பலன் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி பலன் மாட்டாத அண்டை வீட்டாருக்கு!

ஒளித்து வைத்தால்தான் டிராக்கருக்கு மதிப்பு. டாஷ்போர்டில் பளிச்சென்று மின்னினால் திருடன் முதலில் பிடுங்குவது அதைத்தான்.

“ரெண்டாவது சாவி எங்கே சார்?”

இன்சூரன்ஸ் ஆபீசில் விழும் முதல் கேள்வி இது. இரண்டு ஒரிஜினல் சாவிகளையும் ஒப்படைக்க வேண்டும். எப்.ஐ.ஆர். வேண்டும். ‘வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்ற போலீஸ் சான்றிதழும் வேண்டும். ஆர்.சி.யைக் கம்பெனி பெயருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். அதன்பிறகு கார் கிடைத்தால் அது கம்பெனிக்குச் சொந்தம்.

சாவியைக் காரிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் ‘கவனக்குறைவு’ என்று கிளைம் சிக்கலாகும்.

போலீசில் உடனே சொல்வது முக்கியம். ஒரு டிராக்டர் திருட்டு வழக்கில் 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. உடனடியாக எப்.ஐ.ஆர். போட்டிருந்தால், இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணம் காட்டி கிளைமை மறுக்க முடியாது என்றது. ஸ்கூட்டர் வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும்.

இருங்காட்டுக்கோட்டை ஆசை

வேகக் கார் வாங்கியவருக்கு ஓட்டிப் பார்க்கும் ஆசை இருக்காதா? இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குக் கொண்டு போவார்கள். அங்கே பந்தயத்திலோ வேகச் சோதனையிலோ இடித்தால் சாதாரண பாலிசியில் ஒரு பைசா வராது. பாலிசியிலேயே அப்படி எழுதியிருக்கிறது. என்ஜினின் சக்தியைக் கூட்டி மாற்றம் செய்திருந்தால் அதையும் கம்பெனியிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

திருடனைவிட பெரிய எதிரி

சென்னை கார்க்காரருக்குத் திருடனைவிட பெரிய பயம் மழைத் தண்ணீர்! 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் கார்கள் மிதந்ததை ஊரே பார்த்தது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

தரையோடு தரையாகத் தாழ்ந்திருக்கும் வேகக் காருக்கு முழங்கால் தண்ணீரே போதும். தேங்கிய தண்ணீரில் ஸ்டார்ட் பண்ணி என்ஜின் உடைந்தால் சாதாரண பாலிசி கைவிரிக்கும். அதற்கு ‘என்ஜின் புரொடெக்ட்’ என்ற தனிச் சேர்க்கை எடுத்திருக்க வேண்டும்.

முடிவு என்ன?

கையில் காசு இருந்தால் முதலில் சரியான ஐ.டி.வி. அடுத்து ரிட்டர்ன் டு இன்வாய்ஸ், என்ஜின் பாதுகாப்பு. அதற்குப் பிறகு டிராக்கர். சொந்தமாக பாட்டரி உள்ளதாக, கம்பெனி உத்தரவாதம் கெடாதபடி, வெளியே தெரியாமல் பொருத்த வேண்டும்.

ராத்திரியில் சாவியை வாசல் ஆணியில் மாட்டாமல், அலை கசியாத உறையில் போட்டு உள்ளே வைக்கலாம். அதற்கு ஆகிற செலவு சில நூறு ரூபாய்தான்!